கட்டியா நிக்குதுல்லா?

"அண்ணாச்சி, இத திரும்ப ஃப்ரீசர்லயே வச்சிரவா?"

"மேல கட்டியா நிக்குதுல்லா? அப்ப வையி. எளகினத ஷேக்குக்கு எடுத்துக்க."

2012 கோடை. சென்னைக்கு வெளியே கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாத காலம். பிளஸ் ஒன் முடித்து லீவுக்கு ஐஸ்கிரீம் கடை கவுண்டரில் நின்ற பையன் கேட்டான், கடை முதலாளி அண்ணாச்சி சொன்னார், பையன் 4 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவைத் திரும்ப உள்ளே வைத்தான். பேச்சு அவ்வளவுதான். அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு என்பது என் எண்ணம். எந்தப் பாதி எது என்பதில்தான் மனசு இன்னும் ஆறவில்லை.

முதலில் அவர் பக்கத்தைப் பார்க்கலாம். மேலே தொட்டுப் பார்ப்பது கண்மூடித்தனமான சோதனை இல்லை. கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசரில் குளிர்ச்சுருள் பக்கச் சுவர்களுக்குள் ஓடுகிறது. கரண்டு போனால் வெக்கை முதலில் கண்ணாடி வழியாகத்தான் இறங்கும். குளிர்ந்த காற்று கனமானது, அடியிலேயே தங்கும். அதனால் இளகுவது மேலிருந்துதான் தொடங்கும். மேலே கட்டியாக இருந்தால் அடியும் கட்டியாகத்தான் இருக்கும். அனுபவத்தில் வந்த அறிவு இது, மதிக்க வேண்டியது.

ஆனால் கரண்டு வராத வரைக்கும்தான் அது செல்லும். வந்த பிறகு கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்ததும் சுவரை ஒட்டிய பக்கமும் மேல்பரப்பும் முதலில் இறுகும். விரலுக்குக் கல் மாதிரி இருக்கும், நடுவில் கூழாக நிற்கும். பையன் கேட்டது கரண்டு வந்த பிறகு. எவ்வளவு நேரம் கழித்து என்பதுதான் கேள்வி. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கரண்டு வந்ததும் தெருவே ஒன்றாக மோட்டாரைப் போடும், வோல்டேஜ் படுத்துவிடும், ஸ்டெபிலைசர் கட் செய்துவிடும். கடையில் லைட் எரிகிறது, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, ஃப்ரீசர் மட்டும் ஓடவில்லை. கரண்டு வந்தாச்சு என்று எல்லோரும் மூடியைத் திறந்து விற்க ஆரம்பித்திருப்பார்கள்.

சேமித்து வைக்கும் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். கரண்டியால் எடுத்துக் கொடுக்கும் பெட்டியை அந்த அளவில் வைக்க முடியாது, கரண்டி இறங்காது. அது மைனஸ் 12, 14 என்றுதான் நிற்கும். அந்த அளவுக் குளிரில் ஐஸ்கிரீமில் உள்ள தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உறையாமலேயே இருக்கிறது. கைவசம் இருக்கும் குளிர் அவ்வளவு குறைவு. மூடாமல் வியாபாரம் பார்த்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். சாக்கு, கம்பளி எதையாவது கண்ணாடிமேல் போட்டுத் திறக்காமல் இருப்பதுதான் அந்த நேரத்தில் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம்.

இளகி மறுபடி உறைந்ததைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கும், ஓரம் விட்டு விலகியிருக்கும், அடியில் பாகு தேங்கி நிற்கும், மூடிக்கு உள்பக்கம் பனி பிடித்திருக்கும். சாக்கோபாரில் குச்சி சாய்ந்திருக்கும். நாக்கில் நறநறவென்று இருக்கும்; சின்னப் பனித்துகள்கள் கரைந்து, அந்தத் தண்ணீர் பெரிய துகள்களில் போய் ஒட்டி உறைவதால் வருவது அது. காற்றும் போயிருக்கும். ஐஸ்கிரீமின் கனஅளவில் பாதி வரைக்கும்கூட கடையும்போது ஏற்றிய காற்றாக இருக்கலாம். இங்கே சட்டமே ஒரு லிட்டர் குறைந்தது 525 கிராம் இருந்தால் போதும் என்கிறது. கடை ஃப்ரீசர் உறைய வைக்கும், கடையாது. போன காற்று திரும்ப வராது. அண்ணாச்சிக்கு இதில் பண நஷ்டமும் உண்டு. மட்டம் இறங்கிய டப்பாவில் கரண்டிக் கணக்கு உதைக்கும், அந்தக் குறையைப் பையன் அழுத்தி எடுத்ததாகச் சொல்லி அவன் தலையில் கட்டுவார்கள்.

ஷேக்குக்கு எடு என்றது கேட்கும்போது அருவருப்பாக இருக்கும். அதுதான் அவர் சொன்னதில் சரியான பாதி என்று நினைக்கிறேன். 5 டிகிரிக்கு மேல் போகாத, கைபடாத இளகிய ஐஸ்கிரீம், காய்ச்சிய பாலில் செய்த கலவைதான். அப்போதே அடித்துக் கொடுத்தால் கெடுதல் இல்லை. திரும்ப உறைய வைப்பதில்தான் ஆபத்து. குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவே. இளகிய நேரத்தில் பெருகியது அப்படியே உள்ளே உட்கார்ந்துகொள்ளும். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஐஸ்கிரீமில் அது இருந்து 3 பேர் இறந்தது 2015இல் வெளியே வந்தது. அந்தக் கிருமி வந்தது தொழிற்சாலையில், இளகியதால் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் கடைகளில் கரண்டி ஊறும் தண்ணீர்தான் எனக்குப் பயம். பால் கலந்து, வெதுவெதுப்பாக, நாள்பூராவும் மாற்றாமல் நிற்கும்.

அன்று ராத்திரி ஒரு அக்கா குழந்தையோடு வந்தார்.

"தம்பி, கரண்டு இல்லாமக் கெடந்ததாப்பா இது?"

பையன் அண்ணாச்சியைப் பார்த்தான். அவர் கல்லாவில் குனிந்திருந்தார்.

"இல்லக்கா, நல்லா இருக்கு."

அவனுக்கு வேறு என்ன பதில் இருந்தது? ஒரு டப்பாவின் அசல் விலை அவனுடைய சில நாள் கூலி. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 முதல் 18 வயசுக்காரர்களை இரவு 7 மணிக்குமேல் வேலையில் நிறுத்தக் கூடாது. ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டம் வருவதே ஏழுக்கு மேல்தான். அப்படி ஒரு விதியை அன்று கடைப்பிடித்திருந்தால் அந்தக் கேள்விக்கு அண்ணாச்சியே பதில் சொல்லியிருக்க வேண்டும். அவரும் அதையேதான் சொல்லியிருப்பார் என்று ஒரு நேரம் தோணுகிறது. சொல்ல வாய் வந்திருக்காது என்று இன்னொரு நேரம்.

குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று போதும். டப்பாவின் நடுவில் இறக்கி ஒரு நிமிஷம் வைத்துப் பார்க்க வேண்டும். மைனஸ் 10க்குக் கீழே என்றால் உள்ளே வைக்கலாம். அதைத் தாண்டி இளகியிருந்தால் கரண்டி போடக் கூடாது, குளிர் இருக்கும்போதே ஷேக்குக்கு. 5 தாண்டி எவ்வளவு நேரம் கிடந்தது என்று தெரியாவிட்டால் கொட்ட வேண்டியதுதான். ஆனால் மைனஸ் 4 என்று பார்த்த பதினாறு வயசுப் பையன் முதலாளியிடம் போய் "இத விக்க வேண்டாம்" என்பானா? என்னால் நம்ப முடியவில்லை. அதனால் ரீடிங்கை அண்ணாச்சியே பார்க்க வேண்டும். பையன், கரண்டு போன நேரத்தையும் ஃப்ரீசர் ஓட ஆரம்பித்த நேரத்தையும் சாக்பீஸால் ஃப்ரீசர் பக்கவாட்டில் எழுதி வைத்தால் போதும்.