காளான் வத்தல் டப்பாவ ஆட்டிப் பாருங்க

போன கார்த்திகைல 3 கிலோ காளான் வத்தல எருக்குழில கொண்டு போய் கொட்டுனேன். 3 கிலோதானேன்னு தோணும், பச்சைக் கணக்குல அது 30 கிலோங்க, சிப்பிக் காளான்ல பத்துல ஒம்பது பங்கு தண்ணி, 10 கிலோ காயவச்சா 1 கிலோ நிக்கிறதே பெருசு. அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல. வேற யாருக்கும் அப்படி ஆகக்கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

எங்களுக்கு பாலக்கோடு பக்கம். வீட்டுக்குப் பின்னாடி ஓலைக் கொட்டாய்ல வைக்கோல் பெட், அதான் காளான் முளைக்கிற வைக்கோல் மூட்டை, கட்டி சிப்பிக் காளான் போட்டு 4 வருஷம் ஆச்சு. புரட்டாசி மாசம் மட்டும் கேக்கவே வேணாம், கறி சாப்பிடாத வீடெல்லாம் காளான் கேக்கும், பறிக்கப் பறிக்கப் போயிட்டே இருக்கும். மாசம் முடிஞ்ச மறுநாள் எல்லாரும் கறிக்கடைக்குப் போயிருவாங்க, ஆனா பெட்டுக்கு அது தெரியாதே, அது பாட்டுக்குப் பூத்துத் தள்ளும். பச்சைக் காளான் வெளில ஒரு நாள், ஃபிரிட்ஜ்ல மூணு நாலு நாள், அவ்ளோதான். அதனால மீந்தத எல்லாம் மாடில போட்டு உணத்துவோம். சிக்கல் என்னன்னா அது மீறதும் ஐப்பசில, மழை பிடிக்கிறதும் ஐப்பசில.

அப்படி காயவச்சதத்தான் பெரிய தகர டின்னுல கொட்டி மூடி, மேல தேதி எழுதி ஒட்டி வச்சேன். ஒரு வருஷம் தாங்கும்னு எழுதுனேன். ஒரு மாசம் கழிச்சு ஒருத்தர் கால் கிலோ கேட்டாருன்னு டின்ன தூக்குனேன், தூக்கும்போதே எங்க அத்தை அடுப்படில இருந்து "ஏம்மா, சத்தமே வரலியே"ன்னாங்க. நல்லா காஞ்ச காளான் டின்னுல கலகலன்னு உருளும், சருகு மாதிரி. இது பொத்துனு ஒரு பக்கமா சரிஞ்சுது. மூடியத் தொறந்தா நனைஞ்ச சாக்கு வாசனை. மேல இருந்த மடலெல்லாம் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, கைய உள்ள விட்டு எடுத்தா நடுவுல காம்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியா வந்துச்சு, அதுல ஒரு ரூபா காசு அளவுக்கு சாம்பல் பச்சைல பூசணம்.

தப்பு டின்னுல இல்ல, காயவச்ச அன்னைக்கே நடந்திருச்சு. சிப்பிக் காளான் மடல் பேப்பர் மாதிரி மெலிசு, சீக்கிரமே மொறுமொறுன்னு ஆயிரும். ஆனா அடிக்காம்பு கெட்டி, மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ரப்பர் மாதிரி ஈரம் ஒளிஞ்சிருக்கும். நான் மடலத் தொட்டுப் பாத்து ஆச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். டின்னுக்குள்ள போனதும் காம்புல இருக்கிற ஈரம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்து, காஞ்சிருந்த மடலையும் சேத்து நமுக்க வச்சிருச்சு.

இப்ப அடிக்காம்ப தனியா வெட்டி, நீளவாக்குல கிழிச்சு, வேற தட்டுல போடறேன். நல்ல வெயிலா இருந்தா மடலுக்கு ரெண்டு நாள், காம்புக்கு மூணு நாள். சாயந்திரம் 4 மணிக்கு மேல வெளில விடறதில்ல, பகலெல்லாம் விட்ட ஈரத்த ராத்திரி பனில திரும்பக் குடிச்சிரும். மழை நாள்ல டிரையர்தான், 50லருந்து 55 டிகிரி, அதுக்கு மேல சூட்ட ஏத்துனா மேல்தோல் இறுகி உள் ஈரம் அடைஞ்சிரும், நிறமும் கருத்துரும். வெயில்ல ஒரு லாபமும் இருக்கு, மடலோட அடிப்பக்கம் வரிவரியா இருக்கும் பாருங்க, அது மேல பாக்க வச்சா வெயில் பட்டு விட்டமின் டி கூடும்.

ஆச்சான்னு பாக்கறதுக்கு இருக்கிறதுலயே தடிச்ச காம்ப எடுத்து ஒடிங்க. மடக்குனு ஒடியணும். வளைஞ்சுட்டு ஒடிஞ்சா ஆகல, திரும்பப் போடுங்க. ஆறுனப்புறம் ஒடிச்சுப் பாக்கணும், சூடா இருக்கும்போது காஞ்சதுகூட வளையும். சூட்டோட டப்பால போட்டா உள்ள வேர்க்கும், அதையும் செஞ்சிறாதீங்க.

அப்புறம் நேரா பெரிய டப்பாக்குப் போறதில்ல. ஒரு வாரம் கண்ணாடி பாட்டில்ல முக்கால் அளவு போட்டு மூடி, தினம் ஒரு தடவ குலுக்கி வைக்கிறேன். பாட்டில் உள்பக்கம் லேசா மூச்சு விட்ட மாதிரி பனிச்சா, ஒரு துண்டு இன்னொண்ணோட ஒட்டுனா, அன்னைக்கே எடுத்து திரும்ப வெயில்ல போட்ருவேன். தகர டின்னுல இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அதனாலயே அத விட்டுட்டேன்.

பாட்டில் சின்னதா இருக்கணும், இதுல நான் பிடிவாதமா இருக்கேன். ஒரு பெரிய பாட்டில தினம் தொறந்தா தினம் புதுக் காத்து, புது ஈரம். 100 கிராம் பாட்டிலா பிரிச்சு வச்சா தொறந்தது மட்டும்தான் ஆபத்துல இருக்கும். மெலிசான பிளாஸ்டிக் கவர் வேணாம், ஈரமும் புகும், வண்டும் ஓட்ட போடும். அடுப்புக்கு மேல இருக்கிற செல்ஃபும் வேணாம், ஆவி அடிக்கும். இருட்டான அலமாரி போதும். ஃபிரிட்ஜ்ல வைக்கிறவங்க, வெளிய எடுத்ததும் மூடியத் தொறக்காதீங்க, பாட்டில் ரூம் சூட்டுக்கு வரட்டும், இல்லன்னா ஜில்லுனு இருக்கிற வத்தல் மேல காத்துல இருக்கிற ஈரம் தண்ணியா படியும். அத்தை அவரைக்குப் போடற மாதிரி வேப்பிலை போடச் சொன்னாங்க, போட்டும் பாத்தேன், கசப்பு வாசனை ஏறிருச்சு. ஈரத்த இழுக்கிற சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு போடறது தேவல.

சரி, எவ்ளோ நாள் தாங்கும்? என் கொழுந்தனார் பெங்களூர்ல இருந்து ஷிட்டாக்கே காளான் பாக்கெட் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, சீனா, ஜப்பான்ல எல்லாம் காயவச்சே சமைக்கிற காளான் அது. பாக்கெட்ல போட்ட தேதி தாண்டி 2 மாசம் ஆயிருந்துச்சு, தூக்கிப் போட்ரவான்னு கேட்டாரு. பிரிச்சேன், கல்லு மாதிரி கடினம், ஒடிச்சா சத்தம், மோந்தா மழை பேஞ்ச காட்டு வாசனை. வெதுவெதுப்பான தண்ணில அரை மணி நேரம் ஊறி நல்லா சதை பிடிச்சு வந்துச்சு, ஊறுன தண்ணிய வடிகட்டி அதுலயே சூப்பு வச்சோம். நான் ஒரு வருஷம்னு எழுதி ஒட்டுன டின்னு ஒரு மாசம் தாங்கல.

அதனால தேதிய அடையாளத்துக்கு வச்சுக்கிட்டு மூக்கையும் காதையும் நம்பறேன். முழுசா காஞ்சு காத்துப் புகாம இருந்தா ஒரு வருஷத்துக்கு ருசி நல்லா நிக்கும். அதுக்கு மேல போனா கெட்டுடுச்சுன்னு அர்த்தமில்ல, வாசனை குறையும், கொஞ்சம் கூட அள்ளிப் போட்டுக்கலாம். பொடி பண்ணதுக்கு அந்த ஆயுசு கிடையாது, சீக்கிரம் ஈரம் இழுத்து கட்டி தட்டும், நான் 3 மாசத்துக்கு மேல வைக்கிறதில்ல. நமுத்து மட்டும் போயிருக்கு, வாசனை மாறல, பூசணம் இல்லன்னா உடனே காயவச்சு முதல்ல அத செலவு பண்ணிருங்க. மக்கல் வாசனையோ புளிச்ச வாசனையோ அடிச்சா, ஒரே ஒரு துண்டுல பூசணம் தெரிஞ்சாலும்கூட, பாட்டிலோட போகணும். கழுவி கொதிக்க வச்சா சரியாயிடும்னு சொல்றாங்க, பூசணம் விட்ட விஷம் கொதிக்கிறதுக்கெல்லாம் போகாது. அடில மாவு மாதிரி கொட்டியிருந்தா, நூல் கட்டுன மாதிரி இருந்தா வண்டோ அந்துப்பூச்சியோ இருக்கு, அதையும் நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். முட்டை ஏதும் இருந்தா சாகட்டும்னு இப்பல்லாம் பாட்டில்ல அடைக்கிறதுக்கு முன்னாடி 4 நாள் ஃப்ரீசர்ல போட்டு எடுக்கறேன்.

இன்னொண்ணு, முதல் மழைக்கு புத்து ஓரம் முளைக்கிற காளான காயவச்சா விஷம் போயிரும்னு ஒரு அம்மா எங்கிட்ட சொன்னாங்க. போகாதுங்க. தெரியாத காளான் பச்சைலயும் வேணாம், வத்தலாவும் வேணாம்.

இப்ப தை வெயில் நல்லா அடிக்குது, மாடில 12 கிலோ கிடக்கு. காம்புத் தட்ட அத்தை பாத்துக்கறாங்க, ஒண்ணு ஒண்ணா காதுகிட்ட வச்சு ஒடிச்சுப் பாத்துட்டு "நாளைக்கும் ஒரு வெயில் வேணும்மா"ன்னுட்டாங்க.