கன்னத்தில் ஒட்டிய கண்ணாடித் தகடு

எட்டு மாதம் அதை முகப்பரு என்றே நம்பினேன். இரண்டு கன்னமும் சிவந்து, தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கும். ராத்திரியில் அரிப்பு வேறு. பருவுக்கான ஜெல்லைப் பூசினால் எரிச்சல்தான் மிச்சம்.

தெரிந்தவர் ஒருவர் சொன்னாரென்று ஸ்டீராய்டு க்ரீம் வாங்கித் தடவினேன். நாலே நாளில் சிவப்பு அடங்கியது. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பியது, மறுபடி தடவினேன். மூன்று மாதம் இப்படியே போனது. யாருக்கும் இது நடக்க வேண்டாம். ஸ்டீராய்டு சிவப்பை மட்டும்தான் மறைக்கும். தோலின் எதிர்ப்பு சக்தி அடங்கிப்போவதால் மயிர்க்காலுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பெருகத்தான் அது வழி செய்யும்.

கடைசியாகப் போன தோல் மருத்துவர் முதலில் தேடியது பிளாக்ஹெட் எனும் கரும்புள்ளிகளை. பரு என்றால் அவை இருக்க வேண்டுமாம். எனக்கு ஒன்றுகூட இல்லை. அப்புறம் ஒரு கண்ணாடித் தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டர் கட்டம் வரைந்து, சயனோஅக்ரிலேட் என்ற சூப்பர் க்ளூ வகைப் பசை ஒரு சொட்டு விட்டு, கன்னத்தில் அழுத்தினார். ஒரு நிமிடம் பொறுத்து மெதுவாக உரித்தார். வலி இல்லை, லேசாக இழுத்தது, அவ்வளவுதான். மைக்ராஸ்கோப்பில் எண்ணியபோது அந்தக் கட்டத்துக்குள் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய பூச்சிகள் பதினான்கு. ஐந்துக்கு மேல் போனாலே அதிகம்.

கேட்டதும் கூசிப்போனேன். முகம் கழுவாததால் வந்ததில்லை என்றார் அவர். பெரியவர்களில் ஏறக்குறைய எல்லார் மயிர்க்காலிலும் இவை குடியிருக்கின்றன, நீளம் 0.3 மில்லிமீட்டர்தான். எண்ணிக்கை எல்லை மீறும்போதுதான் தொல்லை. அந்த விளக்கம் எனக்கு மருந்தைவிடப் பெரிய ஆறுதல்.

ஸ்டீராய்டை நிறுத்தச் சொல்லி, இந்தப் பூச்சிகளைக் கொல்லும் 1% ஐவர்மெக்டின் க்ரீம் எழுதிக் கொடுத்தார். தினம் ஒரு முறை; நெற்றி, மூக்கு, தாடை, இரு கன்னங்கள் ஒவ்வொன்றுக்கும் பட்டாணி அளவு. பூச்சி இமைக்கும் போயிருக்கிறதா என்று தெரிய, இமைமுடியின் அடியில் பொருக்கு இருக்கிறதா என்றும் பார்த்தார், நல்லவேளை இல்லை.

முதல் இரண்டு வாரம் கொடுமை. முகம் இன்னும் சிவந்து எரிந்தது. ஸ்டீராய்டை விட்டதால் இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால்தான் தாங்கினேன். இல்லாவிட்டால் பழைய க்ரீமையே கையில் எடுத்திருப்பேன். ஐந்தாவது வாரம் ராத்திரி அரிப்பு நின்றது. சொரசொரப்பு போக இன்னும் நாளானது.

மூன்றாம் மாதம் அதே கன்னத்தில் மறுபடி தகட்டை ஒட்டினார். இந்தத் தடவை இரண்டே இரண்டு.