வாஷ்பேசின் அடியில் சொட்டு: நட்டை இறுக்கியும் நிற்காதது ஏன்?

பேசினுக்கு அடியில் சொட்டினால் எல்லோரும் முதலில் நட்டைத்தான் இறுக்குவார்கள். இந்த பேசினிலும் மூன்று முறை இறுக்கியாயிற்று. இரண்டு நாள் நிற்கும், பிறகு பழைய கதைதான்.

தண்ணீர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஒழுகுகிறது என்று நம்பக் கூடாது. சொட்டு விழுந்தது பாட்டில் டிராப்பின் (பேசினுக்கு அடியில் தொங்கும், நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பாட்டில் போன்ற பாகம்) அடிக்கப்பிலிருந்து. எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு, வேஸ்ட் கப்ளிங் (பேசின் ஓட்டையில் பொருந்தி தண்ணீரை டிராப்புக்கு இறக்கும் மரை போட்ட குழாய்) நட்டு, டிராப்பின் மேல் நட்டு, அடிக்கப்பு மூன்றிலும் டிஷ்யூ சுற்றினோம். தக்கையை மூடி பேசினை நிரப்பி வைத்தால் பத்து நிமிடம் ஆகியும் ஈரமில்லை. ஆகவே கப்ளிங்கின் மேல் விளிம்பில் குறையில்லை. தக்கையை எடுத்த அரை நிமிடத்தில் கப்ளிங் நட்டின் டிஷ்யூ நனைந்தது.

காரணம் இதுதான். ஓவர்ஃப்ளோ (பேசின் நிரம்பி வழியாமல் இருக்க மேல் பக்கம் உள்ள துளை) உள்ள பேசினுக்குப் போடும் கப்ளிங்கின் பக்கவாட்டில் துளை இருக்கும். தண்ணீர் வேகமாக இறங்கும்போது அதன் வழியே வெளியே வந்து, பீங்கானுக்கும் கப்ளிங்குக்கும் நடுவே நிற்கும். அடி வாசர் பீங்கானைத்தான் அடைக்கிறது. மரையின் பள்ளத்தை அடைப்பதில்லை. அந்தப் பள்ளம் வழியே சுற்றிச் சுற்றி இறங்கி, டிராப்பின் மேலேயே வழிந்து, கடைசியில் அடிக்கப்பில் சொட்டுகிறது. எவ்வளவு இறுக்கினாலும் இது நிற்காது. அதிகம் இறுக்கினால் பீங்கான்தான் விரிசல் விடும்.

டிராப்பைக் கழற்றினோம் (வாளி வைக்காமல் கழற்ற வேண்டாம்). கப்ளிங் நட்டு அசையவில்லை. பழைய வெள்ளை சிமெண்ட் பிடித்திருந்தது. மேலிருந்து பிளையரின் இரு கைப்பிடிகளையும் கப்ளிங்குக்குள் விட்டு, அது சுழலாமல் பிடித்துக்கொண்டு, நட்டை ஹேக்ஸா பிளேடால் மேலிருந்து கீழாக அறுத்தோம். சுத்தியலைத் தொடவே கூடாது.

புதிய 32 மி.மீ. பித்தளை கப்ளிங். சிமெண்டைச் சுரண்டி, இரு பக்கமும் நன்றாக உலர்த்திய பிறகு, மேல் விளிம்புக்கு அடியில் மெல்லிய சிலிக்கான் வளையம். துளை ஓவர்ஃப்ளோ பக்கம் பார்க்க வேண்டும். வாசர் உட்காரும் இடத்தில் மட்டும் மரையில் டெஃப்லான் டேப் பத்து பன்னிரண்டு சுற்று, அதன்மேல் கொஞ்சம் சிலிக்கான். பிறகு ரப்பர் வாசர், பிளாஸ்டிக் வாசர், நட்டு என்ற வரிசை. பிளாஸ்டிக் வாசரை விட்டுவிட்டால் நட்டு ரப்பரை முறுக்கி வெளியே பிதுக்கிவிடும். கையால் இறுக்கி, ஸ்பேனரில் அரைச் சுற்று. அதற்கு மேல் வேண்டாம்.

டிராப்பின் மேல் நட்டுக்கு டெஃப்லான் சுற்றிப் பயனில்லை; அங்கே அடைப்பது உள்ளே இருக்கும் தட்டை வாசர்தான். வெளிப்போகும் குழாயின் கூம்பு வாசரில் சிறுத்த பக்கம் டிராப்பைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் நாளே சொட்டும்.

24 மணி நேரம் தண்ணீர் விடாமல் வைத்து, மறுநாள் ஓவர்ஃப்ளோ மட்டம் வரை நிரப்பித் திறந்துவிட்டோம். டிஷ்யூ மூன்றும் காய்ந்தே இருந்தன. சுவர்ப் பக்கம் மட்டும் லேசான நாற்றம்: 40 மி.மீ. குழாய்க்குள் 32 மி.மீ. குழாய் சும்மா நுழைந்து நிற்கிறது. அதற்கு ரப்பர் அடாப்டர் வாங்க வேண்டும்.