மாமாவின் கட்டுரைகள் பி.டி.எஃப். ஆன கதை

மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிற்றிதழ்களில் எழுதிய கட்டுரைகளை எல்லாம் ரொம்ப வருஷத்துக்கு முன்பே ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்து அடித்து வாங்கி, சி.டி.யில் வைத்திருந்தார். பதிப்பகம் எதையும் தேடாமல் நாமே புத்தகமாகப் போட்டுவிடலாம் என்று வீட்டில் முடிவானதும் கணினி வேலை என் தலையில் விழுந்தது. பிரிண்ட் ஆன் டிமாண்டில், அதாவது தேவையான பிரதிகளை மட்டும் அடிக்கும் முறையில், ஐம்பது பிரதி அடிப்பதாக ஏற்பாடு. அச்சகத்துக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார்: "வேர்டு ஃபைல் அனுப்பாதீங்க சார், எங்க சிஸ்டத்துல திறந்தா பக்கமெல்லாம் ஓடிப்போயிடும். டெமி சைஸ்ல பி.டி.எஃப். குடுங்க, அப்படியே அடிச்சுத் தர்றோம்."

அப்படியே அடிப்பார்கள் என்றால், பிழை இருந்தாலும் அப்படியேதான் அடிப்பார்கள். திருத்துவதற்கு அங்கே யாரும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

சி.டி.யில் இருந்தது வானவில் என்ற பழைய எழுத்துரு, அது இல்லாத கணினியில் தமிழாகவே தெரியாது. எங்கும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒட்டி, பொத்தானை அமுக்கினால் மாறிவிடும். ஆனால் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது வானவில் என்றே நினைத்து மாற்றுவதால், நூல் பெயர்கள் எல்லாம் படிக்கவே முடியாத தமிழாகிவிடும். அச்சில் வந்த இதழ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தடித்த எழுத்து, சாய்வெழுத்து எதுவும் மிஞ்சவில்லை. அதுவும் நல்லதற்குத்தான், டி.டி.பி. சென்டர்க்காரர் இஷ்டத்துக்கு எல்லாவற்றையும் தடிப்பாக்கியிருந்தார்.

அப்புறம், வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் பக்கத்தை 5.5 × 8.5 அங்குலமாக்கினேன். நம் ஊர் அச்சகங்கள் டெமி என்பது இதைத்தான். இதை முதல் வேலையாகச் செய்துவிட வேண்டும். ஏ4 தாளில் எல்லாவற்றையும் அழகுபடுத்திவிட்டுக் கடைசியில் அளவை மாற்றினால், அழகுபடுத்தியது அத்தனையும் வீண். ஓரங்களில் 'மிரர்டு' (இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடி பிம்பம்போல அமைவது) தேர்ந்தெடுத்து, பைண்டிங் பக்கம் கொஞ்சம் அதிகமாக விட்டேன்.

தமிழில் புத்தகம் கட்டுகிறவர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் எழுத்துரு. ரைட்டரில் ஒரே பத்திக்கு இரண்டு எழுத்துரு அமைப்புகள் உண்டு: ஆங்கிலம் போன்றவற்றுக்கு 'வெஸ்டர்ன்', தமிழ் போன்றவற்றுக்கு 'சி.டி.எல்.' (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்). ஸ்டைலில் (ஒரே வகைப் பத்திகளுக்கெல்லாம் சேர்த்து வகுத்துவைக்கும் அமைப்பு) முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, 'தமிழ் மாறவே மாட்டேங்குதே' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய. எழுத்தின் அளவும் அப்படித்தான், இரண்டுக்கும் தனித்தனி. நான் தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் 11 புள்ளியில் வைத்தேன். இலவசம், அச்சிடவும் தடையில்லாத உரிமம். மாமா பார்த்துவிட்டு, "எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கலாமே மாப்பிள்ளை" என்றார். 12 ஆக்கினேன். எல்லாம் ஸ்டைலில் கட்டப்பட்டிருந்ததால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும் என்றானது. பக்கம் கூடியதில் அச்சுச் செலவும் கூடியது, அது அவர் பாடு.

வரியிடைவெளியை 'ஃபிக்ஸ்டு' என்று இறுக்கிப் பிடித்தால் 'கீ', 'மீ' ஆகியவற்றின் மேல்சுழி வெட்டுப்படும். எழுத்தின் அளவுக்கேற்ற விகிதத்தில் வைப்பதே பத்திரம்.

இரண்டு ஓரமும் சமமாக வரும்படி பத்தியை அமைத்தால் இன்னொரு தொல்லை. 'பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' போன்ற சொல் ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்குத் தாவும்; மிச்சமிருக்கும் மூன்று சொற்களும் எட்ட எட்ட நிற்கும். இன்சர்ட் மெனுவில் 'நோ-வித் ஆப்ஷனல் பிரேக்' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கிறது. நீளமான சொல்லின் நடுவில் அதைப் போட்டால், தேவைப்படும்போது சொல் அங்கே உடையும். அடுத்த வரி புள்ளியெழுத்தில் தொடங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் விதி. பொறுமையைச் சோதிக்கிற வேலை, ஆனால் பக்கத்தின் முகமே மாறிவிடுகிறது.

படங்கள். மாமாவின் பழைய புகைப்படத்தை மைத்துனர் வாட்ஸாப்பில் அனுப்பினார், வழியிலேயே சுருங்கி வந்து சேர்ந்தது. டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லித் திரும்ப வாங்கினேன். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது கணக்கு. நான்கு அங்குல அகலத்தில் போட 1200 பிக்ஸலாவது வேண்டும். உள்பக்கம் கறுப்பு வெள்ளை என்பதால் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் சாம்பல் நிறமாக்கியே சேர்த்தேன்.

புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐ.எஸ்.பி.என். முகமையில் இணையவழி விண்ணப்பித்து இலவசமாகவே வாங்கலாம். உரிமைப் பக்கத்தில் அது இடம்பெற வேண்டும் என்பதால் எண் கைக்கு வந்தபிறகே பி.டி.எஃப். பக்கம் போனேன்.

ஏற்றுமதி செய்யும்போது பிரிண்ட் மெனு வழியாகப் போகாமல் 'எக்ஸ்போர்ட் ஆஸ் பி.டி.எஃப்.' வழியாகவே போக வேண்டும். பிரிண்ட் வழியில் பக்க அளவு ஏ4-க்கு மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. அத்தியாயத் தலைப்புகளின் புக்மார்க்கும் வராது. எக்ஸ்போர்ட் பெட்டியில் பலரும் கவனிக்காத ஒரு கட்டம், தானாகச் சேர்ந்த வெற்றுப் பக்கங்களையும் ஏற்றுமதி செய்யவா என்று கேட்பது. ஒவ்வொரு கட்டுரையும் வலப்பக்கத்தில் தொடங்க வேண்டும் என்று அமைத்திருந்தால், தேவையான இடத்தில் ரைட்டர் தானே ஒரு வெற்றுப் பக்கத்தைச் செருகும். அந்தக் கட்டத்தில் டிக் போடாவிட்டால் பி.டி.எஃப்.பில் அந்தப் பக்கங்கள் காணாமல் போகும். அதற்குப் பிறகு வலம் இடமாகி, அகலமான ஓரம் பைண்டிங்குக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். திரையில் ஒற்றைப் பக்கமாகப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ஃபைல் வந்ததும் அடோபி ரீடரில் திறந்து, பிராபர்ட்டீஸில் ஃபாண்ட்ஸ் பட்டியலைப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'எம்பெடட் சப்செட்' என்று, அதாவது பயன்பட்ட எழுத்துகள் ஃபைலுக்குள்ளேயே சேர்ந்திருப்பதாக, இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் நான் எங்கும் தேர்ந்தெடுக்காத லிபரேஷன் செரிஃப் என்ற பெயரும் உட்கார்ந்திருந்தது. தேடிப் பார்த்தால் பக்க எண்கள்! பக்கத்தின் அடிப்பகுதியில் (ஃபூட்டர்) தமிழெழுத்தே இல்லாமல் வெறும் எண் மட்டும் இருப்பதால் அது வெஸ்டர்ன் கணக்கில் போயிருக்கிறது. அதன் ஸ்டைலையும் மாற்றி, மறுபடி ஏற்றுமதி.

பி.டி.எஃப்.பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறிக் குழம்பும். அச்சுக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் அதே ஃபைலைக் கிண்டிலுக்கும் கொடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். அதற்கு ரைட்டரிலேயே ஈபப் என்ற மின்னூல் வடிவம் எடுக்கலாம். செல்போனில் படிப்பவர்களுக்காக, இலவச மின்னூல்கள் தரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் தருவதுபோல ஆறு அங்குலத் திரைக்கு ஒரு பி.டி.எஃப்.பும் எடுத்தேன். மாமா தன் பழைய மாணவர்கள் குழுவில் அதைத்தான் பகிர்ந்துகொண்டிருக்கிறார். ஐம்பது பிரதியை யார் வாங்குவார்கள் என்று நான் இன்னும் கேட்கவில்லை.