‘யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க’ என்று சொல்பவரிடம் என்ன பேசுவது?

சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, இல்லாததை உறுதியாக நம்புவது என்று நிஜத்தோடு தொடர்பு அறும் மனநிலை) வந்தவரிடம் ‘காதுல குரல் கேக்குதா?’ என்று எல்லாரும் கேட்கிறார்கள். ‘இது எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?’ என்று கேட்பவர் குறைவு. ஆனால் மாத்திரை வாய்க்குள் போகுமா, சோபா இடுக்குக்குள் போகுமா என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. செய்வினை என்று நம்புபவருக்கு ரிஸ்பெரிடோன் என்ற சைக்கோசிஸ் மாத்திரை எதற்கு?

சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் செய்வினை, காத்துகருப்பு, ஏழரைச் சனி, குலதெய்வக் குறை என்று பதில் வரும். முஸ்லிம் வீடுகளில் ஜின். இளைஞர்கள் காதல் முறிவையோ தேசிய சேவையில் வாங்கிய ஏச்சையோ சொல்வார்கள். ஆண்களுக்கு இந்நோய் தலைகாட்டுவதே பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான். சேவைக்குப் போகும் வயதும் அதுவே. மன அழுத்தம் நோயைக் கிளப்பிவிடலாம், ஆனால் காலம் ஒத்துப்போவது மட்டும் சாட்சியாகாது. கஞ்சா வேறு கதை, அது ஆபத்தை உண்மையிலேயே கூட்டுகிறது. ஒரே ஆள் இப்படிப் பல காரணங்களைச் சேர்த்து நம்புவதும் சகஜம்.

கேட்கும்போது முதலில் தனியாகக் கேளுங்கள், அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். மொழிபெயர்ப்பில்தான் நிறைய கோட்டை விடுகிறோம். ‘மேல் வீட்டுக்காரி வாசல்ல எலுமிச்சம்பழம் வெச்சதுலேருந்து காதுல பேசுறாங்க’ என்கிறார் அம்மா. கூச்சப்படும் மகன், ‘அம்மாவுக்குத் தூக்கம் வரலையாம், டாக்டர்’ என்கிறார். தூக்க மாத்திரையோடு வீடு திரும்புவார்கள். குடும்பத்தார் அல்லாத மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள்.

ஏழரைச் சனியை நம்புவது நோயல்ல, வீடே நம்புகிறது. அதே நம்பிக்கை உள்ளவர்களே ‘இது ரொம்ப அதிகமா இருக்கே’ என்று விழித்தால்தான் யோசிக்க வேண்டும்.

வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். ‘உங்களுக்குப் பயமா இருக்கு, ராத்திரி தூக்கமில்ல. அதுக்கு இந்த மாத்திரை உதவும்’ என்று அவருக்கே தொல்லையாக இருப்பதைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள்.

கோயிலுக்குப் போகட்டும், அதில் தவறில்லை. சிக்கல், மருந்தின் விளைவு தெரியும் கால இடைவெளியில் இருக்கிறது. மாத்திரையின் தூக்கக் கலக்கம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். இடையில் ‘மருந்துதான் ஆளைக் கெடுக்குது’ என்ற புதுக் காரணம் முளைக்கும். நிறுத்தும்போது நேர்மாறு: நோய் மறுநாளே திரும்பாது, பல வாரங்களோ மாதங்களோ கழித்து வரும். அந்த இடைவெளியில் செய்த பரிகாரத்துக்குப் பேர் போய்ச் சேரும். விரதம் இருந்தாலும் மாத்திரையையும் தூக்கத்தையும் விடக் கூடாது. நேரத்தை மாற்றலாமா என்று மருந்தாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

‘நான் வளர்த்த விதம்’ என்று அழும் அம்மாக்களுக்கு ஒன்று: வளர்ப்பால் மனச்சிதைவு (சைக்கோசிஸை உண்டாக்கும் ஸ்கிசோஃப்ரினியா நோய்) வருவதில்லை. பரம்பரைக்குப் பங்குண்டு, ஆனால் அதுவும் முழு விதியல்ல. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு.

காரணத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டால் மட்டும் தாமதிக்காதீர்கள். ‘மேல் வீட்டுக்காரிதான்’ என்று உறுதியானவரிடம், ‘அவங்கள என்ன செய்யலாம்னு இருக்கீங்க?’ என்று நேரடியாகவே கேளுங்கள். பதில் பயமுறுத்தினால் சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் (IMH) 24 மணி நேர எண் 6389 2222. உடனடி ஆபத்து என்றால் 999.