மடித்து வைத்த விடைத்தாள்

அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள் கைக்கு வந்ததும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். வீட்டில் கையெழுத்து வாங்கிய பிறகு அது மறுபடியும் வெளியே வருவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் ஊரில் ஒன்பது ஆண்டுகளாக மாலை நேரங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து வருகிறேன். பொதுத்தேர்வுக்கு எப்படிப் படிக்க வேண்டும் என்று கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது அந்த மடித்து வைத்த தாளைத்தான். இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, எத்தனை பாடம் பாக்கி என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

சென்ற ஆண்டு ஜனவரியில் வந்த ஒரு மாணவியின் கணக்குத் தாளைச் சொன்னால் காரணம் விளங்கும். நூற்றுக்கு 31. தேர்ச்சிக்கு வேண்டியது 35. "எனக்குக் கணக்கே வராதுக்கா, ஆறாவதுல இருந்தே வராது" என்று சொல்லிக்கொண்டேதான் தாளை நீட்டினாள். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து, அந்த 31 எங்கிருந்து வந்தது என்று பக்கம் பக்கமாகக் கூட்டினோம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14-இல் 6 சரி. இரண்டு மதிப்பெண் பகுதியில் 20-க்கு 11. ஐந்து மதிப்பெண் பகுதியில் 50-க்கு 10. வரைபடத்தில் 8-க்கு 4. வடிவியல் வரைதலில் ஒன்றுமே இல்லை, அந்த இடம் வெறுமையாக இருந்தது.

வெறுமையாக இருந்ததற்குக் காரணம் கேட்டபோதுதான், அன்றைக்குத் தன்னிடம் கவராயம் இல்லை என்றும், பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கக் கண்காணிப்பாளர் அனுமதிக்கவில்லை என்றும் சொன்னாள். வரைபடத்தில் பரவளையத்தை அழகாக வரைந்திருந்தாள். ஆனால் அளவுத்திட்டத்தை எழுதவில்லை, தீர்வையும் எழுதவில்லை. இரண்டு மதிப்பெண் பகுதியில் பத்து வினாக்களுக்கு விடை எழுதியிருந்தாலும், கட்டாய வினாவான 28-ஆவதைத் தொடவில்லை. அதனால் எழுதிய பத்தில் ஒன்று கணக்கில் சேரவில்லை. இவை எதுவும் கணக்கு வராததால் போன மதிப்பெண்கள் அல்ல. ஆறாம் வகுப்பிலிருந்து தனக்குக் கணக்கு வராது என்று நம்பிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, அன்று மாலை அதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்ததே பெரிய பாடமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணின் ஓரத்திலும் பென்சிலால் ஓர் எழுத்துப் போடச் சொல்வது என் வழக்கம். பாடமே தெரியாமல் போனதென்றால் 'தெ', தெரிந்தும் தவறவிட்டதென்றால் 'த', நேரம் போதாமல் விட்டதென்றால் 'நே'. ஐந்து பாடங்களின் தாள்களிலும் இப்படிக் குறித்து முடிக்க இரண்டு மாலைப் பொழுதுகள் ஆகும். பிள்ளைகளுக்கு முதலில் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் முடிந்ததும் அந்தத் தாள்களே அடுத்த பத்து வாரங்களில் எதை முதலில் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடும். 'த' மிகுந்திருக்கும் பிள்ளைக்குப் புதிதாகப் பாடம் நடத்துவதில் பயனில்லை. அவனுக்கு எழுதிப் பார்ப்பதும் சரிபார்ப்பதும்தான் வேண்டும். 'நே' மிகுந்திருக்கும் பிள்ளையைக் கடிகாரத்தை வைத்து எழுத வைக்க வேண்டும். 'தெ' மிகுந்திருந்தால் மட்டுமே பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திற்குப் போக வேண்டும். அப்போதும் எல்லா இயல்களையும் ஒரே மூச்சில் பிடிக்கக் கூடாது. கணக்கில் வடிவியல் வரைதலும் வரைபடமும் சேர்ந்து 16 மதிப்பெண். வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து வரையும் முக்கோணம், வட்டத்தின் தொடுகோடு என்று வரைதல் வகைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். வரைபடத்திலும் மாறுபாடு, இருபடிச் சமன்பாடு ஆகிய இரண்டைத் தாண்டிப் போவதில்லை. மெல்லக் கற்கும் பிள்ளையை இங்கிருந்துதான் தொடங்க வைக்க வேண்டும்.

அட்டவணையைப் பற்றி நான் செய்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். முதல் சில ஆண்டுகளில் எல்லாருக்கும் ஒரே அட்டவணையை அச்சடித்துக் கொடுத்தேன். காலை நான்கு மணிக்கு எழுந்து கணக்கு, ஐந்தரைக்கு அறிவியல், இரவு பத்து வரை ஏதாவது ஒரு பாடம். பிள்ளைகள் அதைச் சுவரில் ஒட்டி, வண்ணப் பேனாவால் கட்டம் போட்டு, மூன்றாவது நாளே கைவிட்டார்கள். கைவிட்டதோடு, தாங்கள் ஒழுங்கில்லாதவர்கள் என்ற எண்ணத்தையும் சேர்த்துச் சுமந்தார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. எங்கள் பகுதியில் பல தாய்மார்கள் விடியற்காலையிலேயே ஜீப்பில் ஏறிக் கேரள எல்லையைத் தாண்டி ஏலத்தோட்டத்திற்குப் போகிறவர்கள். நான் மேலே சொன்ன மாணவியின் தாயும் அப்படித்தான். தாய் கிளம்பியதும் குடிதண்ணீர் பிடிப்பதும், தம்பியைக் குளிக்க வைத்துப் பள்ளிக்கு அனுப்புவதும் அவள் வேலை. அந்த வீட்டில் காலை நான்கு மணிக் கணக்கு எப்படி நடக்கும்?

ஆகவே இப்போது ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, முந்தைய வாரம் உண்மையிலேயே என்ன நடந்ததோ அதை எழுதி வரச் சொல்கிறேன். எப்போது எழுந்தாய், எந்த வேலை உன் பொறுப்பு, எந்த நேரத்தில் வீட்டில் தொலைக்காட்சி ஓடும், டியூஷன் உண்டா, பேருந்துக்கு எவ்வளவு நேரம் நிற்கிறாய் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அதில் மிஞ்சுகிற இடைவெளிகளில்தான் படிப்பை வைக்க முடியும். அந்தப் பெண்ணுக்கு மாலை ஆறு முதல் ஏழு வரை, இரவு எட்டு முதல் ஒன்பதரை வரை, ஞாயிறு காலை மூன்று மணி நேரம், இவ்வளவுதான் கிடைத்தது. குறைவுதான். ஆனாலும் அது அவளுடைய நேரம் என்பதால் நிலைத்தது. புதன்கிழமை இரவு ஒன்றும் வைக்காமல் விட்டோம். விட்டுப்போனதைப் பிடிக்க வாரத்தில் ஓர் இடம் காலியாக இல்லாத அட்டவணை எப்போதும் உடையும்.

கிடைத்த நேரத்தில் எப்படிப் படிப்பது என்பதில்தான் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன். நம் பிள்ளைகள் படிப்பது என்று சொல்வது பெரும்பாலும் வாசிப்பதையே. ஒரே பக்கத்தை ஐந்து முறை வாசிக்கும்போது கண்ணுக்கு அந்த வரிகள் பழகிவிடுகின்றன. பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. படித்தது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை ஜெர்மனியின் உளவியலாளர் எப்பிங்ஹாஸ் தன் நினைவாற்றலையே சோதித்து 1885-இல் எழுதினார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து அவர் கண்டது, மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்பதுதான். இடைவெளி விட்டு மறுபடியும் எடுப்பதும், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதும் நினைவை நிலைக்க வைக்கின்றன என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் பலமுறை உறுதிசெய்திருக்கின்றன.

ஒரு மாணவன் மனித இதயத்தின் படத்தை நன்றாகத் தெரியும் என்று சொன்னான். புத்தகத்தை மூடி வைத்து வரையச் சொன்னேன். நான்கு அறைகளையும் சரியாகப் போட்டான், பெருந்தமனியைப் போட்டான். வால்வுகளுக்கு வந்ததும் கை நின்றது. சற்று யோசித்து மூவிதழ் வால்வை இடப்பக்கம் எழுதினான். புத்தகத்தைத் திறந்து பார்த்து, இடப்பக்கம் இருப்பது ஈரிதழ் வால்வு, மூவிதழ் இருப்பது வலப்பக்கம் என்று தானே திருத்தினான். பல முறை வாசித்தும் கண்ணில் படாத பிழை, ஒரு முறை வரைந்ததில் வெளியே வந்தது. மூன்று நாள் கழித்து மறுபடியும் வரையச் சொன்னபோது தயங்கவில்லை. எந்தப் பாடத்தை முடித்தாலும் அன்றே ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை மூடிய புத்தகத்தோடு எழுதிப் பார்ப்பது எங்கள் கூடத்தில் விதி. இந்த மூன்று நாள், ஒரு வாரம் என்பதெல்லாம் எங்கள் வசதிக்கு வைத்துக்கொண்டதுதான். இடைவெளி இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

சமூக அறிவியலில் காலக்கோடும் நிலவரைபடமும் நாள்தோறும் பத்து நிமிடம் கேட்பவை, அதற்கு மேல் வேண்டாம். தமிழில் மனப்பாடப் பாடல்களையும் குறட்பாக்களையும் சீர் பிரித்து எழுதிப் பழக வேண்டும். அறிவியலில் செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிந்திருப்பதும், எழுத்துத் தேர்வில் மட்டுமே குறைந்தது 20 எடுத்தாக வேண்டும் என்பதும் சில பிள்ளைகளுக்குப் பிப்ரவரி வரை தெரியாமலே இருக்கிறது. செய்முறை மதிப்பெண் காப்பாற்றிவிடும் என்று அவர்கள் நம்பியிருப்பார்கள்; முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேர்வறையில் விடை எழுதக் கிடைப்பது மூன்று மணி நேரம், அதாவது 180 நிமிடம். கணக்குத் தாளுக்கு நாங்கள் பழகும் பங்கீடு இது: ஒரு மதிப்பெண் பகுதிக்குக் கால் மணி நேரம், இரண்டு மதிப்பெண் பகுதிக்கு 35 நிமிடம், வரைதலுக்கும் வரைபடத்திற்கும் சேர்த்து அரை மணி நேரம், ஐந்து மதிப்பெண் பகுதிக்கு 85 நிமிடம், கடைசிக் கால் மணி நேரம் சரிபார்க்க. வரைதலை ஐந்து மதிப்பெண் பகுதிக்கு முன்பே முடிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் கடைசியில் அவசரத்தில் வரையும் கை நடுங்குகிறது. விடை எழுதும் நேரத்திற்கு முன்பாக வினாத்தாளை வாசிக்கத் தரும் பத்து நிமிடத்தில் கட்டாய வினாக்கள் எவை, விருப்பத்திற்குரியவற்றில் எவற்றை விடப்போகிறோம் என்று மனத்தில் முடிவுசெய்துவிட வேண்டும். வீட்டில் மாதிரித் தாளை எழுதும்போதும் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகாமல் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். முதுகும் விரலும் அதற்குப் பழக வேண்டும் அல்லவா?

பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. தேர்வுக்கு முந்தைய இரவு விழித்திருந்து படிக்கச் சொல்லாதீர்கள். தூக்கமில்லாமல் போகும் பிள்ளை, தெரிந்த கணக்கையும் தப்பாக எழுதி வருகிறது. முடிந்துபோன தேர்வைப் பற்றி அன்று மாலை விசாரிக்கவும் வேண்டாம். அடுத்த தேர்வு காத்திருக்கிறது.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன என்ற பேச்சையும் ஜனவரியிலேயே எடுத்துவிடுவது நல்லது. தேர்வு முடிவு வந்த வாரத்தில், மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். செவிலியர் படிப்பில் விருப்பமுள்ள பெண் உயிரியல் இல்லாத பிரிவில் சேர்ந்தால், இரண்டு ஆண்டு கழித்துக் கதவு அடைத்திருக்கும். கையால் செய்யும் வேலையில் நாட்டமுள்ள பையனுக்கு ஐ.டி.ஐ. உண்டு, மூன்றாண்டு பாலிடெக்னிக் பட்டயம் உண்டு, பட்டயம் முடித்தவர்கள் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. ஒரு பாடத்தில் தவறினாலும் அந்த ஆண்டே துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேர முடியும். இதை நான் பிள்ளைகளிடம் தேர்வுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். சொன்னால் அலட்சியமாகிவிடுவார்கள் என்று பெற்றோர் சிலர் அஞ்சுகிறார்கள்; என் அனுபவத்தில் பயம் குறைந்த பிள்ளைதான் நன்றாக உட்கார்ந்து படிக்கிறது.

இந்த ஆண்டுப் பிள்ளைகளுடன் வருகிற சனிக்கிழமை மாலை தொடங்குகிறோம். ஐந்து விடைத்தாள்களும் ஒரு பென்சிலும் போதும். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்று தயங்கி நிற்கிறவர்கள் இருப்பார்கள், எல்லா ஆண்டும் இருக்கிறார்கள். அவர்கள் வினாத்தாளை மட்டும் எடுத்து வந்தால், அதை மறுபடியும் எழுத வைத்து அங்கிருந்தே எண்ணிக்கொள்ளலாம். கவராயம் இல்லாதவர்களுக்கு என்னிடம் நான்கு இருக்கின்றன.