சர்க்கரைக்கு அசையாத சென்சார்

சுவையை எண்ணாக அளக்கும் மின்நாக்கு ஒன்று எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது, பார்ப்பதற்கு எளிமையான கருவிதான். மேலும் கீழும் நகரும் ஒரு கை, அதில் தொங்கும் சில சென்சார்கள், கீழே வரிசையாகச் சிறு கிண்ணங்கள். ஒவ்வொரு சென்சாரின் நுனியிலும் கொழுப்புப் பொருளும் பிவிசி பிளாஸ்டிக்கும் கலந்து செய்த மெல்லிய சவ்வு இருக்கும். சாம்பிளில் இறங்கியதும் சவ்வின் மின்னழுத்தம் மாறும், அதை மில்லிவோல்ட்டில் படிக்கிறோம். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் கியோஷி டோகோவின் குழு 1990 வாக்கில் உருவாக்கிய வழி இது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பின்சுவையை அளக்கும் விதம். முதலில் பொட்டாசியம் குளோரைடும் மிகக் கொஞ்சம் டார்டாரிக் அமிலமும் சேர்ந்த கரைசலில் ஓர் அளவு எடுப்போம். ஏறக்குறைய சுவையே இல்லாத கரைசல் அது. உமிழ்நீரின் இடத்தில் அதை வைத்திருக்கிறோம். அடுத்து சாம்பிளில் ஓர் அளவு. அப்புறம் சென்சாரை லேசாக, மிக லேசாக அலசி, மறுபடி பழைய கரைசலில் இறக்குவோம். உப்பும் புளிப்பும் அலசலோடு போய்விடும், அளவு தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்கள் சவ்வில் ஒட்டிக்கொள்வதால் அளவு திரும்பாது. தேநீர் குடித்து முடித்த பின்னும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு, திரையில் சில மில்லிவோல்ட்டாக நிற்பதைப் பார்க்க இன்றும் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் இந்தச் சவ்வுகள் பெரும்பாலும் மின்னேற்றத்துக்குத்தான் அசையும். சர்க்கரைக்கு மின்னேற்றம் கிடையாது, காஃபினும் சாதாரணமாக அப்படித்தான். குயினைன் உப்புக்குத் துள்ளும் கசப்புச் சென்சார் காஃபினைக் கண்டுகொள்வதே இல்லை. இவற்றுக்கென்று தனிச் சவ்வுகள் பின்னால் வந்தன என்றாலும், எந்தச் சென்சார் எதற்கு அசையாது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது தெரியாதவர் கையில் அந்த எண் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

உணவைச் சுவைத்து மதிப்பிடும் மனிதர்களின் சுவைக்குழு இனி தேவையில்லை என்று பேசுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. செறிவில் சுமார் 20 விழுக்காடு வித்தியாசத்தை ஓர் அலகாக வைத்துக் கணக்கிடுவது டோகோ முறையின் வழக்கம், அதற்குக் கீழே போனால் மனித நாக்குக்கு வேறுபாடு தெரிவது கடினம் என்பதால். ஒருமுறை இரண்டு பழச்சாறுகளுக்கு இடையே அரை அலகுகூட வராத வித்தியாசத்தைப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஆர்வத்தோடு காட்டினார். குழுவில் மூத்தவரான அக்கா இரண்டையும் சுவைத்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதான்பா” என்றார். கருவி சொன்னதும் சரி, அக்கா சொன்னதும் சரி. பழச்சாற்றை வாங்கிக் குடிப்பவருக்கு அக்காவின் பதில்தான் முக்கியம்.

மருந்துகளில் நிலைமையே வேறு. கசப்பான புது மருந்தை ஒருவர் நாக்கில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கச் சொல்ல முடியாது. அங்கே மின்நாக்கு உண்மையாகவே கைகொடுக்கிறது. மருந்து சேர்க்காத சிரப், மருந்து சேர்த்தது, சைக்ளோடெக்ஸ்ட்ரின் போன்ற ஒன்றால் கசப்பை மறைத்தது என மூன்றையும் அளந்து ஒரே வரைபடத்தில் போடுவோம். மறைத்த சிரப்பின் புள்ளி, மருந்தில்லாத சிரப்பின் பக்கம் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு நல்லது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தை துப்பாமல் விழுங்க வேண்டிய மருந்து என்பதால், அந்தப் புள்ளி நகராத கலவையை நான் அடுத்த கட்டத்துக்குப் பரிந்துரைப்பதில்லை.